ரெலஸ்கோப் இல்லாமல், கொழும்பு மொட்டைமாடியில் ஒரு விஞ்ஞானக் கதை வாசகி என்னென்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் வசிக்கிற, உயர்தர வகுப்பில் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "விஞ்ஞானக் கதை என்றால் எனக்கு உயிர். ரெலஸ்கோப் வாங்க வசதியில்லை. வானமும் எப்போதும் வெளிச்சம். வாசிப்பதைத் தவிர நாளாந்தம் நான் செய்து பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? வீட்டில் 'கற்பனையில் மிதக்கிறாள்' என்கிறார்கள்."

இருக்கிறது தங்கச்சி, நிறையவே இருக்கிறது. நீங்கள் குடியிருக்கிற இடம் அதற்கு வாய்ப்பான இடம். கொழும்பு பூமத்திய கோட்டிலிருந்து 7 பாகைக்கும் சற்றுக் குறைவாகத்தான் வடக்கே இருக்கிறது. விஞ்ஞானக் கதைகளில் வரும் பல எண்களை இங்கே அடிமட்டம் வைத்தே அளந்துவிடலாம். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உங்கள் வயதுப் பிள்ளைக்குக் கிடைக்காத சில விடயங்கள் உங்கள் தலைக்கு நேர் மேலே நடக்கின்றன.

முதலில் மொட்டைமாடிக்குப் போய் அங்குள்ள டிஷ் அன்டெனாக்களைப் பாருங்கள். 1945 ஒக்டோபரில் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் ஒரு பிரித்தானிய வானொலிச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் கரு இது: பூமத்திய கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு நிலையத்தை வைத்தால், பூமி ஒரு முறை சுழலும் அதே நேரத்தில் அதுவும் ஒரு முறை சுற்றிவரும், ஆகவே தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வானத்தில் அசையாமல் நிற்கும். 1956 இல் இலங்கைக்கு வந்த அவர் பார்ன்ஸ் பிளேஸில் வாழ்ந்து, 2008 மார்ச் 19 அன்று காலமாகி, பொரளை கனத்தையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதிய அந்த உயரத்தை, அதாவது 35,786 கிலோமீற்றரை, உங்கள் மாடியில் உள்ள ஒவ்வொரு டிஷ்ஷும் இன்று சுட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கோணத்தை அளக்கலாம். கொழும்பின் நெடுங்கோட்டிலேயே நிற்கும் செய்மதி ஒன்று தெற்கே 82 பாகை உயரத்தில், ஏறத்தாழ உச்சியில் இருக்கும். 45 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிற்பதென்றால் மேற்கிலிருந்து 10 பாகை தெற்கே திரும்பி, 49 பாகை உயரத்தில் பார்க்க வேண்டும். இலண்டனில் எந்த டிஷ்ஷும் 31 பாகைக்கு மேல் ஏறாது. அங்கே உறவினர் யாராவது இருந்தால் வீடியோ அழைப்பு எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளக்கும்போது எல்லோரும் விடுகிற பிழை ஒன்று உண்டு. டிஷ்ஷின் முகம் பார்க்கும் திசையே செய்மதியின் திசை என்று நினைத்துவிடுவார்கள். வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் முழு வட்டம் அல்ல, உயரம் அகலத்தைவிடச் சற்றுக் கூடியவை. சமிக்ஞை சரிவாக வந்து கீழ்ப்பக்கக் கையில் உள்ள வாங்கியில் குவியும்படி அமைத்திருப்பதால், முகம் உண்மைத் திசையைவிடத் தாழ்வாகத் தெரியும். எவ்வளவு தாழ்வு என்பதை டிஷ்ஷே சொல்லும்: அகலத்தை உயரத்தால் வகுத்து, அதன் நேர்மாறு கோசைனை (கணிப்பானில் cos⁻¹) எடுங்கள். 60 சென்ரிமீற்றர் அகலம், 65 உயரம் என்றால் 22.6 பாகை. பிறகு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடும்படி ஒரு நேரான தடியை வைத்து, அதன்மேல் கைத்தொலைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியைச் சாத்தி, முகம் நிலைக்குத்திலிருந்து எவ்வளவு பின்சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் கூட்டினால் செய்மதியின் உயரக் கோணம். திசையைப் பார்க்க டிஷ்ஷிலிருந்து 2 மீற்றராவது தள்ளி நில்லுங்கள், இரும்புத் தாங்கி தொலைபேசியின் திசைகாட்டியைக் குழப்பும். தடியை மெல்லத் தொடவைத்தால் போதும், டிஷ் ஒன்றிரண்டு பாகை அசைந்தாலே வீட்டில் படம் போய்விடக்கூடும். மதில் ஓரத்தில் இருக்கும் டிஷ்ஷை விட்டுவிடுங்கள்.

இதே டிஷ் ஆண்டுக்கு இரு முறை இன்னொன்றும் காட்டும். கொழும்பிலிருந்து பார்த்தால் மார்ச் 17 ஐ ஒட்டியும் செப்டெம்பர் 26 ஐ ஒட்டியும் சூரியன் அந்தச் செய்மதிகளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் வானொலி இரைச்சல் செய்மதியின் மெல்லிய குரலை மூடிவிட, சில நாட்களுக்குத் தினமும் சில நிமிடம் படம் சிதறும். 45 பாகைக் கிழக்குச் செய்மதிக்கு அது மார்ச்சில் பிற்பகல் 3 மணியை ஒட்டியும், செப்டெம்பரில் 2.45 ஐ ஒட்டியும் நடக்கும். மழையில் படம் போவது வேறு விடயம், அது நீர்த்துளிகள் சமிக்ஞையை விழுங்குவதால் வருவது. வானம் வெளுத்திருக்கும் நாளில், சரியாக இந்த நேரத்தில் படம் கலங்கினால் அது சூரியனேதான். கிளார்க்கின் நினைவு நாளும் அதே வாரத்தில் வருவதால் மார்ச் தேதி மறக்காது.

சமிக்ஞை மேலே போய்க் கீழே வர 0.24 செக்கன் ஆகும். கிரிக்கெட் நேரத்தில் பக்கத்து வீட்டு ஆரவாரம் உங்கள் திரையை முந்திவிடுவதற்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள், ஆனால் அந்தப் பல செக்கன் தாமதம் பெரும்பாலும் படத்தைச் சுருக்கி விரிக்கும் வேலையால் வருவது. வானத்தின் பங்கு கால் செக்கன் மட்டும்தான்.

விண்வெளி மின்தூக்கி பற்றியும் நீங்கள் வாசித்திருப்பீர்கள். தரையிலிருந்து விண்வெளிக்கு ஏறும் லிஃப்ட் அது. செய்மதிகள் நிற்கும் அந்த உயரத்திலிருந்து தரைவரை ஒரு கம்பி தொங்க வேண்டுமென்றால், அதன் அடி நிற்க ஏற்ற இடம் பூமத்திய கோடு. அதனால்தான் கிளார்க் 1979 இல் வெளியான தன் நாவலில் நம் தீவையே சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி எழுதினார். உங்கள் தொடர்மாடி லிஃப்டில் இதற்கு ஒரு கணக்குப் போடலாம். ஒரு மாடி 3 மீற்றர் என்று எடுத்து, நின்றெடுக்கும் நேரத்தைத் தவிர்க்க நடு மாடிகளை மட்டும் நேரம் பாருங்கள். லிஃப்ட் செக்கனுக்கு 1 மீற்றர் ஏறினால் அந்த உயரத்தை அடைய 414 நாள். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகமென்றால் ஏழரை நாள். ஃபைஃபொக்ஸ் (phyphox) என்ற இலவசச் செயலியில் ஆர்முடுகல் அளவியைத் திறந்து தொலைபேசியை லிஃப்ட் தரையில் வைத்தால், மேலே கிளம்பும்போது புவியீர்ப்பு ஆர்முடுகலான 9.8 இலிருந்து எண் சற்று ஏறுவதும், நிற்கும்போது இறங்குவதும் தெரியும். இடையில், சீரான வேகத்தில் போகும்போது எண் பழையபடி 9.8 ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு நின்றால், ஏறுகிறீர்களா நிற்கிறீர்களா என்று உடம்புக்கே தெரியாது.

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதிலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஏப்ரல் 7 ஐ ஒட்டி, நண்பகல் 12.13 அளவில், கொழும்பில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். செப்டெம்பர் 5 ஐ ஒட்டி மீண்டும் ஒரு முறை, அப்போது 12.09 அளவில். நட்டுவைத்த கம்புக்கு அந்தக் கணத்தில் நிழல் இல்லை. இதைப் பார்த்து வியந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட கொழும்புக்கு நேர் வடக்கே இருக்கிறது, இரண்டின் நெடுங்கோடும் கால் பாகைகூட வித்தியாசமில்லை. அங்கே உங்கள் வயதில் ஒரு மச்சாளோ மச்சானோ இருந்தால், இருவரும் சேர்ந்து ஒரே நண்பகலில் பூமியின் ஆரையை அளந்துவிடலாம்.

கம்பு நட வேண்டாம். 1 மீற்றர் கம்பு ஒரு பாகை சரிந்தாலே நிழல் 1.7 சென்ரிமீற்றர் தள்ளிப்போகும், நீங்கள் அளக்கப்போவதோ வெறும் 5 சென்ரிமீற்றர். போதாததற்கு சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலத் தட்டு, அதனால் நிழலின் விளிம்பு 9 மில்லிமீற்றருக்கு மங்கிக் கிடக்கும். அதற்குப் பதிலாக ஒரு காட்போட் மட்டையில் 3 மில்லிமீற்றர் துளை போட்டு, மட்டை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி நிற்கும்படி ஒட்டி, துளை தரையிலிருந்து சரியாக 100 சென்ரிமீற்றரில் இருக்கும்படி மேசையை உயர்த்துங்கள். மட்டை படுக்கையாக இருக்கட்டும். துளை வழியே நூல் விட்டு, முனையில் ஒரு கனமான நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அசைவு நின்றதும் நட்டின் நடுவுக்கு நேர் கீழே தரையில் ஒட்டிய வெள்ளைத் தாளில் புள்ளி வையுங்கள். இதுதான் அடிப்புள்ளி. நூலை எடுத்துவிடுங்கள். இப்போது மட்டையின் நிழலுக்குள் ஒரு சிறு ஒளிவட்டம் விழும். அது சூரியனின் படம். அதன் நடுவைக் குறிப்பது எளிது.

12.00 மணியிலிருந்து 12.25 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஒளிவட்டத்தின் நடுவில் பென்சிலால் புள்ளி வையுங்கள். நிமிடத்துக்கு 4 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக அது கிழக்கே நகரும். புள்ளிகளை இணைத்தால் ஒரு நேர்கோடு வரும். அடிப்புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான தூரம்தான் உங்களுக்கு வேண்டிய எண், ஆகவே கடிகாரம் ஒரு நிமிடம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. வெள்ளவத்தையில் அது சுழியத்தை ஒட்டி வரும். யாழ்ப்பாண நகரில் வடக்குப் பக்கமாக ஏறக்குறைய 4.9 சென்ரிமீற்றர் வரும்.

கணக்கு இவ்வளவுதான்: இரு இடங்களுக்கும் இடையிலான தூரத்தைத் துளையின் உயரத்தால் பெருக்கி, இரு எண்களின் வித்தியாசத்தால் வகுங்கள். 309 ஐ 100 ஆல் பெருக்கி 4.9 ஆல் வகுத்தால் சுமார் 6,300 கிலோமீற்றர். பூமியின் சராசரி ஆரை 6,371. தூரத்தை வீதியால் எடுக்கக்கூடாது, அது 400 ஐ ஒட்டி வரும். வரைபடச் செயலியில் நேர்கோட்டுத் தூரத்தை அளந்து எடுங்கள். அகலாங்கு வித்தியாசத்தை 111 ஆல் பெருக்கியும் எடுக்காதீர்கள், அந்த 111 க்குள் பூமியின் அளவு ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. 2 மில்லிமீற்றர் பிழைவிட்டால் விடை 4 வீதம் விலகும், அதற்கு மேல் விலகினால் அநேகமாக அடிப்புள்ளிதான் பிழை. காற்றில் நூல் ஆடியிருக்கும். கொழும்பில் முகில் வந்து கெடுத்தால் மனம் தளர வேண்டாம். ஒரு வாரத்தில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு வரும். அன்று உங்கள் ஒளிவட்டம் தெற்கே 4.9 இல் விழும். துளையினூடாகச் சூரியனைப் பார்ப்பது மட்டும் ஒருபோதும் கூடாது, தரையில் விழும் படத்தை மட்டுமே பாருங்கள்.

இந்த எண் கையில் வந்த பிறகு கதை வாசிப்பதே மாறிவிடும். இதே 309 கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு பேர் செவ்வாயில் இதைச் செய்தால் வித்தியாசம் 9 சென்ரிமீற்றர் வரும். சந்திரனில் 18 வரும். பெயர் தெரியாத கோள் ஒன்றில் இறங்கிய குழுவுக்கு அந்தக் கோளின் பருமனை அறிய ஒரு மட்டை, ஒரு நூல், நடந்து அளந்த ஒரு தூரம் போதும். அப்படி ஒரு காட்சியை எழுத்தாளர் பிழையாக எழுதினால் இனி உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பார்ப்பது இதைவிடச் சுலபம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாசாவின் இணையத்தளத்திலோ ஹெவன்ஸ் அபவ் தளத்திலோ கொழும்பைத் தெரிவுசெய்து, உச்ச உயரம் 40 பாகைக்கு மேல் உள்ள கடப்புகளை, அதாவது நிலையம் நம் வானத்தைக் கடந்துபோகும் நேரங்களை, மட்டும் குறித்துவையுங்கள். ஒரு வாரத்துக்கு முன் எடுத்த நேரத்தை நம்ப வேண்டாம், நிலையத்தை இடையில் உயர்த்தினால் நேரம் மாறும், அன்றே மீண்டும் பாருங்கள். மினுங்காத, வியாழனைப் போலப் பிரகாசமான ஒளி ஆறு நிமிடம்வரை நகரும். சிவப்பு, பச்சை விளக்குகளுடன் மினுங்கினால் அது விமானம். நம் நாட்டில் சூரியன் செங்குத்தாக இறங்கிவிடுவதால், மறைந்து சுமார் 80 நிமிடத்தில், நிலையம் பறக்கும் உயரத்தில், உச்சி வானமும் பூமியின் நிழலுக்குள் போய்விடும், ஆகவே மாலைக் கடப்புகள் அநேகமாக எல்லாம் எட்டு மணிக்கு முன்பே முடிந்துவிடும். சில நாளில் அது நடுவானிலேயே சிவந்து, மங்கி, இல்லாமற்போகும். முகில் மறைத்ததாக நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பவர்களுக்கு அப்போதுதான் சூரியன் மறைகிறது. நேர் மேலே வரும்போது அதன் தூரம் சுமார் 420 கிலோமீற்றர், நீங்கள் யாழ்ப்பாணத்துக்கு வீதியால் போகும் தூரம்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரையான நேர்த்தூரத்தை அது சுமார் 40 செக்கனில் கடக்கும்.

மழை நாட்களுக்கு ஒரு விளையாட்டு. தோழி ஒருத்தி செவ்வாயில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். செய்தி அங்கே போய்ச்சேரக் குறைந்தது 3 நிமிடம், கூடியது 22 நிமிடம். 12 என்று முடிவுசெய்து, வரும் ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்தியையும் அனுப்பிய நேரத்திலிருந்து 12 நிமிடம் கழித்தே திறப்பது என்று இருவரும் உறுதி எடுங்கள். அறிவிப்பில் செய்தி தெரியாதபடி முதலில் மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. முதல் அரை மணியில் கேள்விகளும் பதில்களும் ஒன்றையொன்று தாண்டிப் போய்க் குழம்பும். பிறகு நீங்களாகவே "ஓம் என்றால் இது, இல்லையென்றால் அது" என்று கிளைவிட்டு, நீண்ட செய்தி எழுதத் தொடங்குவீர்கள். தூரம் பேச்சின் வடிவத்தையே மாற்றுகிறது என்பது அப்போது விளங்கும்.

உபகரணம் வாங்கினால் முதலில் 10×50 (10 மடங்கு பெருப்பம், 50 மில்லிமீற்றர் வில்லை) பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். முழங்கையை மதிலில் ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நான்கு சந்திரன்கள் தெரியும். பெருப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவான வகையை வாங்காதீர்கள், படம் இருண்டு ஆடும். கொழும்பு 7 இல் உள்ள கோள்மண்டலத்துக்கும் ஒரு நாள் போய்வாருங்கள். எந்த மொழிக் காட்சி எந்த நாளில் என்பதை முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது. மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. பாடசாலை வானியல் கழகம் மூலமாகக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக நட்சத்திரங்கள். வெள்ளவத்தை வெளிச்சத்திலும் பிரகாசமானவை தெரியும், அவற்றின் பெயர்கள் வீட்டில் எல்லோருடைய சாதகத்திலும் இருக்கின்றன. திருவோணத்தின் ஒளி நம்மிடம் வர 16.7 ஆண்டு. உங்களுக்கு 16 வயது முடிந்து எட்டு ஒன்பது மாதம் ஆகும்போது, நீங்கள் பிறந்தபோது அங்கிருந்து கிளம்பிய ஒளி கண்ணில் விழும். செப்டெம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணிக்கு அண்ணாந்து பாருங்கள், உச்சியிலிருந்து 2 பாகைதான் விலகி நிற்கும். இருபுறமும் இரண்டு மங்கல் நட்சத்திரங்கள் ஒரே கோட்டில் இருக்கும், அவற்றில் ஒன்று நகர வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம். சுவாதி 37 ஆண்டு, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அது பொருந்தலாம். ரோகிணி சுமார் 65, மகம் 79, இவை அம்மம்மாவுக்கும் தாத்தாவுக்கும். சித்திரை சுமார் 250. திருவாதிரை பல நூறு ஆண்டு. மார்கழியில் நள்ளிரவை ஒட்டி அது கொழும்பின் உச்சியில், சரியாக ஒரு நிலவின் அகலமே விலகி நிற்கும். ஒருவர் பிறந்த நட்சத்திரம் என்பது அன்று சந்திரன் நின்ற 13 பாகை 20 கலைப் பகுதியைக் குறிப்பது. திருவோண நட்சத்திரத்தின் அருகே சந்திரன் ஒருபோதும் போவதில்லை, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

கதைகளில் அடிக்கடி வரும் நம் அண்டை நட்சத்திரமான அல்ஃபா சென்டோரியையும் நீங்கள் நேரே பார்க்கலாம். இலண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. கொழும்பில் நேர் தெற்கே 22 பாகை ஏறும். நீட்டிய கையில் இரண்டு முட்டிக்குச் சற்று மேலே. மே, ஜூன் இரவுகளில் நல்ல நேரத்துக்கு வந்தாலும் தென்மேற்குப் பருவமழை முகில் மறைக்கும். பெப்ரவரி நடுவில் அதிகாலை 5 மணிதான் வாய்ப்பானது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் தெரியும், இடப்பக்கம் இருப்பதுதான் அது. தூரம் 4.37 ஒளியாண்டு. வொயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில், செக்கனுக்கு 17 கிலோமீற்றரில் போனால், சுமார் 77,000 ஆண்டு எடுக்கும்.

அங்கே நின்று திரும்பிப் பார்ப்பவருக்கு நம் சூரியன் எங்கே தெரியும் என்பதையும் இங்கிருந்தே காட்டலாம். அது கசியோப்பியா என்ற நட்சத்திரக் கூட்டத்தில் ஆறாவது நட்சத்திரமாக இருக்கும். டிசம்பர் நடுவில் இரவு 8 மணிக்கு வடக்கே, விரித்த கை அகலத்தில், மலைமுகடு இரண்டு சேர்ந்தது போல ஐந்து நட்சத்திரங்கள் நிற்கும். வலப்பக்கக் கடைசி நட்சத்திரத்திலிருந்து மூன்று நான்கு விரல் வலப்புறமாக, கொஞ்சம் மேலே, வெறுமையான இடம் ஒன்று இருக்கும். அதுதான் நம் இடம். அந்தக் கடைசி நட்சத்திரம் மங்கலானது, வெள்ளவத்தையின் வடக்கு வானத்தில் நகர வெளிச்சம் அதை விழுங்கிவிடக்கூடும். டிசம்பர் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனால், மழை விட்ட ஓர் இரவில், ஏப்ரலில் நூல் பிடித்த மச்சாளையும் கூட்டிக்கொண்டு போய் முற்றத்தில் நின்று பாருங்கள்.